பதினோரு கதவு, பதினோரு வட்டம்

ரயில்வே குவார்ட்டர்ஸ், மூன்றாம் வரிசை,
பிரிக்பீல்ட்ஸ்.
மார்ச் 3, 2604

அன்புள்ள ரம்லத்,

இல்லை, படம் வரைவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வருஷத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஜப்பான்காரர் கணக்கு. 1944 என்று போட்டால் இப்போது குற்றம். அறுநூற்றறுபது வருஷம் முன்னால் போய்விட்டோம். அரிசிதான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

போன மாதம் அப்பாவை வரைந்தேன். படம் வரைகிற எண்ணெய் தீர்ந்து ஒரு வருஷமாகிறது. காப்பார் பக்கமிருந்து கொஞ்சம் செம்பனை எண்ணெய் கிடைத்தது. அதில் வண்ணப்பொடியைக் குழைத்தேன். தூரிகை அப்படி வழுக்கியது. சொர்க்கம். மூன்று வாரமாகிவிட்டது, இன்னும் காயவில்லை. செம்பனை எண்ணெய் காயவே காயாதாம். எல்லாச் சமையலறைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அப்பாவின் நெற்றியில் நாலு ஈ ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஈ மொய்க்கிற அளவுக்கு இனிப்பா இருக்கேன் பாரு," என்றார். முப்பது வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த மனுஷரை இதற்கு முன் யாரும் இனிப்பு என்று சொன்னதில்லை.

இனிச் செய்தி. எங்கள் வரிசையில் பெரியம்மை. பதினாலு வீட்டில் பத்து வீட்டுக்கு வந்துவிட்டது. தெருவின் இரு முனையிலும் கயிறு கட்டியாயிற்று. யாரும் வெளியே போகக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது. பயப்படாதே, நானும் அப்பாவும் நலம். என் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதே. கான்வெண்டில் எல்லோருக்கும் குத்தினார்களே, அன்றைக்கு. நீ மட்டும் ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். உன்னைத் தேடிப் போன கன்னியர் அம்மாவிடம் ‘ரம்லத் ஊருக்குப் போயிட்டா’ என்று நான்தான் பொய் சொன்னேன்.

அந்தத் தழும்பால் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொர்னேலியஸ் வந்தார். அம்மை கண்ட வீட்டுக் கதவில் மஞ்சள் வட்டம் போடவேண்டுமாம். காகிதம் இல்லை, பெயிண்ட் இல்லை. "மிஸ், நீங்க படம் போடறவங்களாச்சே. எதையாவது பண்ணி ஒரு மஞ்சள் கொண்டாங்க." கொல்லையில் மஞ்சள் கிழங்கு இருந்தது. அரைத்து, மரவள்ளிக் கஞ்சியில் குழைத்தேன். சாப்பிட வேண்டிய கஞ்சி. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

முதல் கதவு தங்கமணி அக்காவுடையது. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பக்கிரிசாமி அண்ணனின் மனைவி. குடும்பத்தில் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னா லேனா இது, வெறும் வட்டத்த போட்டுட்டுப் போற?"

"அவ்வளவுதான் அக்கா. ஆர்டர்."

"ஒரு கண்ணு, ஒரு மூக்கு வெச்சா ஆர்டருக்குக் கை வலிக்குமா லா? ஆத்தாளே வந்து உக்காந்திருக்கா வீட்ல. மொட்ட மூஞ்சியாவா நிறுத்துவ?"

வைத்தேன். கரித்துண்டால் இரண்டு கண், பெரிய மூக்குத்தி. உள்ளேயிருந்து, படுத்திருந்த யாரோ சிரித்தார்கள். காய்ச்சலில் சிரித்த சிரிப்பு. அதைக் கேட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

இந்தக் கடிதத்தை டிரஸ்ஸர் கார்பாலிக் மருந்து தெளித்துக் கயிற்றுக்கு அப்பால் கொண்டுபோவார். கிள்ளான் ரயில் கார்ட் இராமலிங்கம் அண்ணன் உன் கடையில் சேர்ப்பார். தபால் தணிக்கைக்காரர்களுக்கு ஓய்வு.

உன்,
மகதலேனா


கிள்ளான்.
மார்ச் 8

அன்பு லேனா,

உன் கடிதம் கிடைத்தது, வறுத்த அப்பளம் மாதிரி. அம்மை வீதிக் கடிதம் என்றதும் உம்மா அதை இடுக்கியால் பிடித்து, கடையின் கரி இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். உன் மூன்றாம் பாரா முழுதும் பழுப்பு. ஈக்களைப் பற்றியது என்று ஊகித்துக்கொண்டேன்.

நீ மூக்கு வைத்தது நல்லது. ஆனால் மூக்குத்தி எந்தப் பக்கம்? இடப் பக்கமாகப் போட்டிருந்தால் தங்கமணி அக்கா உன்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்.

உன் படங்களை நான் எப்போதும் குறை சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன். சிங்கப்பூர் காலேஜில் நீ வரைந்ததெல்லாம் புத்தகத்தில் பார்த்த பாரிஸ் பெண்கள். அவர்களுக்குப் பசி இல்லை. முதல் முறையாக உன் படத்துக்கு ஒரு நோயாளி சிரித்திருக்கிறாள். அந்த வட்டத்தை விடாதே.

கடைக்கு நான் வருவதில்லை இப்போது. மாடியில்தான். துணி எங்கே இருக்கிறது விற்க? வாப்பா காலிப் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் முன்பு என்னென்ன இருந்தது என்று விரித்துக் காட்டுகிறார். கையால், காற்றில்.

இத்துடன் சலவை நீலக்கட்டி ஆறு. கடையில் மிஞ்சியது. வானத்துக்கு வைத்துக்கொள்.

ரம்லத்


பிரிக்பீல்ட்ஸ்.
மார்ச் 14, 2604

அன்புள்ள ரம்லத்,

நீலம்! ஆறு கட்டி! ஒன்றை முத்தமிட்டேன், உதடு நீலமாகிவிட்டது. டிரஸ்ஸர் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் நாடி பிடித்தார்.

இப்போது என்னிடம் நாலு நிறம். மஞ்சள். உன் நீலம். கரி. பழைய சூளையடியில் பொறுக்கிய செங்கல்லை இடித்த தூள்.

பத்துக் கதவும் முடிந்தது. நானாக எதையும் வரையவில்லை. உள்ளே இருப்பவர்களைக் கேட்கிறேன், அவர்கள் சன்னலிலிருந்து சொல்கிறார்கள். முக்கால்வாசி சாப்பாடு. அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. ஒரு மாதமாக எங்கள் தெருவில் கடுகு வெடிக்கவில்லை. எங்களைப் போல வேதக்காரர் வீட்டிலும் இல்லை. எங்களுக்கு ஈஸ்டர் விரதத் தபசுகாலம், தெருவுக்கே தபசு. ஆகவே ஒரு கதவில் தோசை. ஒன்றில் அப்பளம், கொப்புளம் கொப்புளமாக. ஒன்றில் வெட்டிய பலா. அடுத்ததில் முழு நிலா. இப்படியே போகிறது வரிசை.

ஏழாம் நம்பரில் பழனியப்பன். தனியாள். ஸ்டேஷன் மணி அடித்து ஓய்வு பெற்றவர். மணி வரையட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. வட்டம் வட்டமாவே இருக்கட்டும். எல்லாத்துக்கும் எதுக்கு மூக்கு?"

அப்படியே விட்டேன். தள்ளி நின்று பார்த்தால், ரம்லத், பத்தில் அதுதான் சிறந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இனி என் வெட்கம். எல்லாக் கதவும் பழைய ரயில்வேப் பச்சை. நாலாம் நம்பர், இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் சபாபதி மட்டும், நோய் அண்டாது என்று முந்தின நாள்தான் கதவுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். எனக்குத் தெரியாது. அவர் கேட்டது இன்ஜின் சக்கரம். மஞ்சள் வட்டத்தை இழுத்தேன். கையெடுப்பதற்குள் சிவந்தது. குங்குமச் சிவப்பு! வெள்ளைக் கதவில் சிவப்பு வட்டம். சபாபதி சன்னலில் பார்த்துவிட்டு, "ஐயோ, செவப்புன்னா என்னா அர்த்தம்? நான் செத்துட்டேனா?" என்று கத்தினார். டிரஸ்ஸர் ஓடி வந்தார். "மிஸ், லிஸ்டில செவப்பே கிடையாது!" எதிர் வீட்டிலிருந்து பக்கிரிசாமி அண்ணன் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சபாபதி, ஒன் வீட்ல ஜப்பான் கொடி ஏத்திட்டாங்கடா. எந்திரிச்சு சலாம் வை."

தங்கமணி அக்கா சிரித்துச் சிரித்துச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, ஒரு நாளும் நீ ஆரத்தி கரைச்சதில்ல? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னா ஆகும்னு தெரியாது?"

"போர்டிங்ல வளந்தேன் அக்கா."

"காலேஜ் வேற! ஆறு மாசப் புள்ளைக்குத் தெரியும் லா!"

கழுவி, சபாபதி கதவைச் சுரண்டி, பச்சை தெரியும் இடத்தில் மறுபடி மஞ்சளில் போட்டேன். சக்கரம் சரியாக வந்தது.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். ஏப்ரல் பத்தாம் தேதி, பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை, கயிறு அவிழ்க்கிறார்கள். காலேஜில் சொல்லிக்கொண்டோமே: யார் முதலில் கண்காட்சி வைக்கிறாளோ, மற்றவள் வந்து திறந்து வைக்கவேண்டும். இது என் கண்காட்சி. வேறு கிடையாது, இந்த யுத்தத்தில் வேறு கிடைக்கவும் போவதில்லை. கதவுகளே படம். திறந்துவைக்க என்று இதைவிடப் பொருத்தமாக ஏதாவது இருக்கிறதா? நீ ஒவ்வொன்றாகத் தட்டவேண்டும், அவர்கள் திறக்கவேண்டும்.

கிள்ளானிலிருந்து ஒன்றரை மணி நேரம். வா.

மகதலேனா


கிள்ளான்.
மார்ச் 20

அன்பு லேனா,

கதவைத் திறந்தால் படம் உள்ளே போய்விடுமே, அதை யோசித்தாயா? உன் கண்காட்சி திறந்த கணமே மறைந்துவிடும். இதை நீ வேண்டுமென்றே செய்திருந்தால் நீ மேதை. யோசிக்காமல் செய்திருந்தால் நீ லேனா.

உம்மா இப்போது உன் கடிதங்களைத் தேய்ப்பதோடு நிற்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஆரம்பித்திருக்கிறார். சபாபதி செத்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, ஓரத்தைக் கருக்கிவிட்டார்.

நான் வர முடியாது. வண்டி நேரத்துக்கு ஓடுவதில்லை. வாப்பாவுக்கு இடுப்பு வலி. வெளியில் உடுத்த நல்ல துணியும் இல்லை.

துணிக்கடைக்காரர் மகள் இதை எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நீ படங்களைப் பற்றி எல்லாம் எழுதினாய். ஆட்களைப் பற்றி எழுதவில்லை. தண்ணீர் ஊற்றி எழுந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? அவர்கள் முகம் எப்படி இருக்கிறது? உண்மையாக எழுது. ஓவியக்காரி கண்ணால் எழுது, பக்கத்து வீட்டுக்காரி வாயால் வேண்டாம்.

ரம்லத்


பிரிக்பீல்ட்ஸ்.
மார்ச் 26, 2604

அன்புள்ள ரம்லத்,

மூன்று காரணம் சொன்னால் ஒன்றும் காரணமில்லை. நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பழனியப்பன் செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அமைதியாக. டிரஸ்ஸரும் நானும் அப்பாவும் மட்டும். கதவில் அவருடைய மூக்கில்லாத வட்டம்.

நீ கேட்டதற்குப் பதில். தோசைக் கதவு சாந்தமேரிக்கு நேற்று மூன்றாம் தண்ணீர். பத்தொன்பது வயது. சர்ச் சாமியாருக்குத் தெரியாமல், வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை, தங்கமணி அக்கா சொல்லிக்கொடுத்தபடி அவள் அம்மா ஊற்றினார். நெற்றியில் சிலுவையும் போட்டார். இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளக் கூடாதல்லவா.

முகம். கன்னத்திலும் மூக்கிலும் குழிகள். நெற்றியில் குறைவு. உண்மையாகச் சொல்கிறேன்: முதலில் பார்த்தபோது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அவளை உட்காரச் சொல்லி வரைந்தேன். இரண்டு மணி நேரம். வழவழப்பான தாளில் வண்ணம் வழுக்கி ஓடிவிடும், உனக்குத் தெரியும். சொரசொரப்பில்தான் நிற்கும். அவள் முகத்தில் வெளிச்சம் நிற்கிறது. காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி. நான் இதுவரை வரைந்த முகங்களில் வெளிச்சம் வழுக்கிவிட்டுப் போயிருக்கிறது. ஆறுதல் சொல்லவில்லை. ஓவியக்காரி கண் என்றாயே, அதுதான் இது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, தோசை எப்ப?"

இனி, எனக்கு இடி. டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் எல்லாக் கதவுக்கும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். கிருமிக்கு. பத்தாம் தேதி காலை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மிஸ். அந்தப் பலாப்பழத்த நான் தெனம் பாக்கறேன்." சண்டை போட்டேன். பயனில்லை. அவர் நல்ல மனுஷர், அதனால் சண்டையும் ருசிக்கவில்லை.

பதினொன்றாவதாக ஒரு வட்டம் போட்டுவிட்டேன். எங்கள் கதவில். நோயாளி இல்லாத வீட்டில் வட்டம் கூடாது என்று டிரஸ்ஸர். அப்பா, "இருக்கட்டும் சார். விருந்தாளி வரமாட்டாங்க, நிம்மதி," என்றார். அந்த வட்டம் உன் முகம். நினைவிலிருந்து. கண் சரியாக வந்திருக்கிறது, வாய் இன்னும் குறை சொல்லவில்லை.

திறப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது. ஆனாலும் வா. வெள்ளைக் கதவுகளையாவது தட்டு.

மகதலேனா


கிள்ளான்.
மார்ச் 31

லேனா,

ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒளிந்தவளை அம்மை கண்டுபிடித்துவிட்டது. ஜனவரியில். உன் தெருவுக்கு முந்தியே.

நாற்பது நாள் மாடியில். உம்மாதான் பார்த்தார், இருபது வயதில் அவருக்கு வந்து போனதாம், மறுபடி வராதாம். எழுந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றியாயிற்று. உடம்பு நலம். உன் முதல் கடிதம் வந்தபோது எழுத நினைத்தேன். நீ ஆர்மோனியத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எழுத முடியவில்லை.

இப்போது தெரிந்திருக்குமே, உம்மா ஏன் கடிதத்தைத் தேய்த்தார் என்று. எனக்காக அல்ல. இன்னும் அம்மை காணாத வாப்பாவுக்காக.

கடையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதே, வாடிக்கைக்காரர்கள் சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பது. வாப்பா அதன்மேல் மிச்சமிருந்த ஒரே துணிக்கட்டை விரித்துத் தொங்கவிட்டிருக்கிறார். விற்பதற்கு அல்ல. நான் படியிறங்கும்போது பார்க்கக் கூடாது என்று. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பேசியிருந்த பினாங்கு மாப்பிள்ளை வீட்டார், விசாரித்து எழுதுகிறோம் என்று எழுதினார்கள். பிறகு எழுதவில்லை. அவர்கள் கடிதத்தில் எழுத்துப்பிழை நிறைய, ஆகையால் அது எனக்கு லாபம்.

உன் கதவில் இருப்பது போன வருஷத்து முகம். அந்த முகம் இப்போது யாரிடமும் இல்லை. அதற்குப் பக்கத்தில் நான் வந்து நிற்கமாட்டேன். அழித்துவிடு. இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கட்டும், நல்லதுதான்.

வேறு யாரையாவது திறக்கச் சொல்.

ரம்லத்


பிரிக்பீல்ட்ஸ்.
ஏப்ரல் 4

ரம்லத்,

அழிக்கமாட்டேன். அழிப்பது டிரஸ்ஸர் வேலை, பத்தாம் தேதி.

எனக்குக் கோபம். முகத்துக்காக இல்லை. நாற்பது நாளை மறைத்ததற்காக. நான் இங்கே தோசையும் அப்பளமும் வரைந்து உனக்கு வேடிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பொய் சொல்லாமல் உன்னைக் கன்னியர் அம்மாவிடம் காட்டிக்கொடுத்திருக்கலாம். அந்தக் கோபமும் சேர்ந்திருக்கிறது, அது என்மேல்.

வேறு யாரும் திறக்கமாட்டார்கள்.

லேனா


பிரிக்பீல்ட்ஸ்.
ஏப்ரல் 10, 2604, மாலை

அன்புள்ள ரம்லத்,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு. உம்மா தேய்ப்பது போதாது.

காலை ஏழு மணிக்கு டிரஸ்ஸர் இரண்டு வாளிச் சுண்ணாம்போடும் இரண்டு ஆளோடும் வந்தார். நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்று. சுண்ணாம்பு மட்டை கதவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தப்பு, தப்பு என்று. தோசை போயிற்று. பலா போயிற்று. பிறகு எங்கள் கதவு.

பிறகு தங்கமணி அக்காவின் குரல், தெருவையே கிழித்துக்கொண்டு:

"லேனா! ஓடியாடி! ஒன் வட்டம் செவந்து வருது!"

கையில் சாம்பலோடு ஓடினேன்.

மஞ்சள். அதன்மேல் ஈரச் சுண்ணாம்பு. நான் மறந்தேபோய்விட்டேன், ரம்லத். சபாபதி கதவில் அவ்வளவு அவமானப்பட்டும் மறந்தேன். வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு ஊறி ஊறி மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு நிழல். பிறகு ரத்தினம். கண், மூக்குத்தி, சக்கரத்தின் ஆரம், உன் நீலம் எல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. வட்டங்கள் மட்டும் வந்தன. பதினோரு வெள்ளைக் கதவு, பதினோரு சிவப்பு வட்டம். எல்லாம் பழனியப்பனுடையது மாதிரி. எல்லாத்துக்கும் எதுக்கு மூக்கு என்றாரே. அவர் சொன்னதைத் தெருவே கேட்டுவிட்டது.

டிரஸ்ஸர் மட்டையை மறுபடி வாளியில் முக்கினார். "இன்னொரு பூச்சு அடிச்சாத்தான் போகும்."

அப்போது தெருமுனையில் கார் வந்து நின்றது. கயிறு அவிழ்ப்பதைப் பார்வையிட ஒரு ஜப்பான் அதிகாரி. கயிற்றைத் தாண்டி இரண்டடி வைத்தார். நின்றார். இடப் பக்கம் பார்த்தார், வலப் பக்கம் பார்த்தார். வெள்ளையில் சிவப்பு வட்டம், வரிசையாக. கொடியைக் கேலி செய்கிறோம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அவர் கால் இரண்டையும் சேர்த்து வைத்தார். குனிந்து வணங்கினார். எங்கள் கதவுகளை.

நாங்களும் குனிந்தோம், வேறென்ன செய்ய. எல்லோரைவிடத் தாழக் குனிந்தவர் டிரஸ்ஸர். அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்றே நினைத்தேன். அதிகாரி ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"என்னா சொன்னாரு?" என்று, ஜப்பான் பாஷை கொஞ்சம் தெரிந்த டிரஸ்ஸரிடம் அப்பா கேட்டார்.

"கோலாலம்பூர்லயே விசுவாசமான தெரு இதுதானாம்." டிரஸ்ஸர் மட்டையை வாளிக்குள் போட்டார். "இனிமே ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இதும்மேல படாது மிஸ். பட்டா என் தலை போயிடும்."

யாரும் தெருவில் சிரிக்கவில்லை. எல்லோரும் உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தோம். பக்கிரிசாமி அண்ணன் மட்டும் வெளியே வந்து, "டேய் சபாபதி, ஒன் கொடிக்குத் தொணை வந்திருச்சுடா!" என்றார்.

பிறகுதான் கண்காட்சி. கதவைத் திறந்தால் படம் மறையும் என்றாயே. அவர்கள் வெளியே வந்து, தங்கள் கதவைத் தாங்களே சாத்திவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். நாற்பது நாள் உள்ளிருந்து பார்த்த கதவை வெளியிலிருந்து. சாந்தமேரி முக்காடு இல்லாமல், வெயிலில், "என் தோசை கருகிடுச்சுக்கா," என்றாள். யாரோ ஒளித்து வைத்திருந்த ஒரு கைப்பிடிக் கடுகை எடுத்தார்கள். செம்பனை எண்ணெயில் அது வெடித்தது. அந்த வாசனைக்குத் தெருவே அடுப்புப் பக்கம் திரும்பியது.

பத்துக் கதவு திறந்துவிட்டது, பழனியப்பன் கதவை அப்பா திறந்தார். பதினொன்றாவது திறக்கவில்லை. திறக்கவிடவில்லை நான். நானும் அப்பாவும் அடுப்படி வழியாகப் போய்வருகிறோம். "சொந்த வீட்டுக்குள்ள திருடன் மாதிரி நொழையறேன். யாரு வரணும்னு இவ்வளவு?" என்கிறார். அவருக்குத் தெரியும்.

அந்த வட்டத்தைப் பற்றி. நான் வரைந்த கண்ணும் வாயும் போய்விட்டன. நீ அழிக்கச் சொன்ன முகம் இல்லை. சுண்ணாம்பு சரியாக நீற்றாதது போலிருக்கிறது. காயக் காயப் பொட்டுப் பொட்டாகத் தெறித்து, வட்டம் முழுக்கச் சிறு குழிகள். எங்கள் கதவில்தான் அதிகம். நான் செய்ததில்லை. சாயங்கால வெயில் இப்போது அதில் விழுகிறது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தங்குகிறது.

பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. மீதிக்கு எதிரில் ஆள் உட்காரவேண்டும். நினைவிலிருந்து இனி நான் வரையமாட்டேன்.

சுண்ணாம்பு முழுக்கக் காய்ந்தால் சிவப்பு மங்கிவிடுமாம். தங்கமணி அக்கா காலையும் மாலையும் எங்கள் கதவுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பதாகச் சொல்லியிருக்கிறார். "வெள்ளிக்கிழம வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்குமேல ஒன் சிநேகிதி பாடு."

உன்,
மகதலேனா


கிள்ளான் ஸ்டேஷன்.
ஏப்ரல் 13, வியாழன்

அன்பு லேனா,

கடிதத்தை அடுப்பில் போட்டாயிற்று. அதற்கு முன் மூன்று முறை படித்தேன். உம்மா ஒரு முறை. வாப்பா, அதிகாரி குனிந்த இடத்தை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். சிரித்து முடித்ததும் எழுந்துபோய்க் கண்ணாடிமேல் போட்டிருந்த துணிக்கட்டை அவரே எடுத்தார். "இது நல்ல துணிம்மா. மறைக்கிறதுக்கா வாங்கினேன்?" என்றார். அதில்தான் ஒரு மேலங்கி தைத்திருக்கிறேன். துணி இல்லை என்ற காரணம் போயிற்று. வாப்பாவின் இடுப்பு வலியும் காணோம்.

பார்த்தேன். கண்ணாடியில். நீ சொன்னது முழுதும் உண்மை இல்லை, வெளிச்சம் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. இடக் கன்னத்தில் நிற்கிறது. அதை நேரில் விவாதிப்போம்.

உன் கண்காட்சியைப் பற்றி என் விமர்சனம்: பழனியப்பன் சொன்னதை நீ முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

உம்மாவும் என்னோடு. இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். உன் தெருவில் எதையாவது தேய்க்காமல் திரும்பமாட்டார், கதவைக் காட்டாதே. அவர் மடியில் இன்னொரு பொட்டலம். அரைத்த உளுந்து. சாந்தமேரிக்காம்.

இதை இராமலிங்கம் அண்ணனிடம் கொடுக்கத்தான் எழுதினேன். கொடுக்கவில்லை, இந்த வரிகளை வண்டியில் எழுதுகிறேன். அவர் பச்சைக்கொடி காட்டியதும், கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறினேன். சன்னலோரம் உட்கார்ந்து, முக்காட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டேன்.

ரம்லத்